இராவணன் கோட்டையில் ஒரு வெள்ளிக் கப்பல்

வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஏட்டுச்சுவடியும் நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் பின்வருவோர் படிக்கவேண்டும் என்னும் எண்ணத்துடன் மனிதன் பொறித்து வைத்தவை. ஆதலின் அவற்றில் மன்னன் வென்ற போர்கள் இருக்கும்; தோற்ற போர்கள் இரா. அவன் கொடுத்த தானங்கள் இருக்கும். வாங்கிய கடன்கள் இரா. ஆனால் எவரும் படிப்பதற்கென்று எழுதப்படாத சான்று ஒன்று உண்டு. அது கடலடியில் கிடக்கும் உடைந்த கப்பல். அதில் புகழ்ச்சி இல்லை, மறைப்பும் இல்லை. ஒரு நாள், ஒரு நாழிகையில், நடந்துகொண்டிருந்த வாழ்க்கை அப்படியே நின்றுபோய் நீருக்குள் இறங்கிவிட்டது. அதைப் படிக்கும் வித்தை மட்டும் மிக அண்மையில்தான் மனிதனுக்குக் கைவந்தது. அத்தகைய சான்று ஒன்று நமக்கு அண்மையிலுள்ள கடலில் எவ்வாறு கண்டெடுக்கப்பட்டது, அது நமக்கு என்ன சொல்லிற்று, என்ன சொல்ல மறுத்தது என்பதை இன்று நேயர்களுடன் பேச எண்ணுகின்றேன்.

இலங்கையின் தென்கிழக்குக் கரையில் கிரிந்த என்னும் சிற்றூர் இருக்கின்றது. களனி நாட்டு மன்னன் தன் மகள் விகாரமாதேவியைக் கடலுக்குக் காணிக்கையாகப் படகில் ஏற்றி விடுத்தான் என்றும், அவள் கரையேறிய இடம் இந்தக் கிரிந்தவே என்றும் சிங்கள மக்கள் கூறுவர். அங்கிருந்து உள்நாட்டில் சிறிது தொலைவு சென்றால், முருகனடியார்கள் நாடிச் செல்லும் கதிர்காமம். கிரிந்தைக் கரையிலிருந்து கடலுக்குள் ஏறத்தாழ 8 மைல் தொலைவில், அலைகளுக்கு இடையே தலைகாட்டியும் மறைந்தும் ஒரு கற்பாறைத் தொடர் கிடக்கின்றது. போர்த்துக்கீசிய மாலுமிகள் அதனைத் தம் மொழியில் 'ஆழமற்ற இடம்' என்னும் பொருள்பட அழைத்தனர். அச்சொல்லே ஆங்கிலேயர் வாயில் 'பாசஸ்' என்று திரிந்தது. எனவே கடற்படங்களில் அதன் பெயர் 'கிரேட் பாசஸ்'. சிங்கள மக்களோ அதனை 'மகா ராவண கோட்டுவ' என்பர். பெரிய இராவணன் கோட்டை என்பது அதன் பொருள். இதற்கு வடகிழக்கே ஏறத்தாழ 20 மைல் தொலைவில் சிறிய இராவணன் கோட்டையும் இருக்கின்றது. நம் தூத்துக்குடிப் பக்கத்து மீனவர் கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பர். அவர்கள் வழக்கில் சொன்னால், இது பெரும்பார்.

இந்தப் பார் கப்பல்களுக்கு எமனாக விளங்கியது. வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் இடையே செல்லும் பெருங்கப்பல்கள் இராமர் அணையின் ஆழமற்ற மணல் திட்டுகளைக் கடக்க இயலா. சிறு தோணிகள் பாம்பன் வழியே நுழைந்து செல்லும். பெரிய மரக்கலங்கள் இலங்கையின் தெற்கைச் சுற்றியே ஆகவேண்டும். அவ்வாறு சுற்றுவோர் கரையைக் கண்ணால் கண்டு வழியறிய விரும்பிக் கரையோரமாகவே வருவர். பகலில் நுரையைக் கண்டு விலகலாம். இரவில், அதுவும் மழைக்கால இரவில், பாறையின் ஓசை காதில் விழும்போது காலம் கடந்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு விளக்கம் அமைக்க ஆங்கில அரசு முனைந்தது. முதல் திட்டம் பெரும்பொருளை விழுங்கிய பின் கைவிடப்பட்டது. பின்னர் ஜேம்ஸ் டக்ளஸ் என்னும் பொறியாளர் வரைந்த திட்டப்படி, அவர் தம்பி வில்லியம் டக்ளஸ் நேரில் இருந்து கட்டி முடிக்க, ஸ்காட்லாந்திலிருந்து செதுக்கிக் கொணர்ந்த கருங்கற்களால் எழுந்த கலங்கரை விளக்கம் 1873-ஆம் ஆண்டு ஒளிவீசத் தொடங்கிற்று. சிறிய பாறைக்கு விளக்கு வந்தது 1878-இல். நாம் பேசப்போகும் கப்பலுக்கு அவ்வொளி ஏறத்தாழ 170 ஆண்டுகள் பிந்தி வந்தது.

இனி, அப்பாறையை நாடிச் சென்ற இரு நண்பர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒருவர் ஆர்தர் கிளார்க். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். விண்வெளியைப் பற்றிய கதைகளாலும் கட்டுரைகளாலும் உலகப்புகழ் பெற்றவர். பூமியைச் சுற்றும் செய்திக்கோள்கள் ஓரிடத்தில் நிற்பனபோல் அமையலாம் என்று 1945-ஆம் ஆண்டிலேயே எழுதியவர். மற்றவர் மைக் வில்சன், கிளார்க்கைவிட 17 ஆண்டுகள் இளையவர், படப்பிடிப்பாளர், கடலுக்கு அஞ்சாதவர். விண்ணை நோக்கிய கிளார்க் ஏன் கடலுக்குள் இறங்கினார் என்று கேட்கலாம். நீருக்குள் மிதப்பவனுக்கு உடலின் எடை தெரிவதில்லை. மேல் கீழ் என்னும் வேறுபாடும் மயங்கும். விண்வெளிக்குச் செல்லாமலே அந்நிலையை ஓரளவு துய்க்க வேண்டுமானால், கடலுக்குள் இறங்குவதே வழி என்று அவர் கருதினார். 1954-இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்தொடரை நோக்கிச் செல்லும் வழியில் கொழும்பில் இறங்கிய கிளார்க், அந்நாட்டின்மேல் பற்றுக்கொண்டு 1956-இல் அங்கேயே குடியேறினார். வில்சனும் உடன் வந்தார். இலங்கையிற் பிறந்த ராட்னி ஜாங்க்லாஸ் என்னும் கடலறிஞரும் இவர்களுக்குத் தோழரானார்.

இவர்கள் கடலுள் இறங்கிய முறை நம் முத்துக்குளிப்போர் முறையினின்றும் வேறானது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் காலில் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கி, அடக்கிய ஒரே மூச்சில் சிப்பிகளைப் பறித்துக் கூடையில் இட்டு, கயிற்றை அசைத்து மேலேறினர். அவர்களுடைய பணியாயுள் ஒரு மூச்சளவே. 1943-ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் பொறியாளர் கான்யானும் சேர்ந்து ஒரு கருவியை அமைத்தனர். முதுகில் கட்டிய உருளையில் காற்று மிகுந்த அழுத்தத்துடன் அடைக்கப்பட்டிருக்கும். முங்குவோன் மூச்சை உள்ளிழுக்கும்போது, அவனைச் சூழ்ந்துள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு அழுத்தத்திலேயே காற்று வாய்க்கு வரும். இந்தச் சமநிலை இன்றியமையாதது. ஏனெனில், 33 அடி ஆழத்தில் உடலின் மீதுள்ள அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் இரு மடங்காகிவிடும். சமன்செய்யப்படாத காற்றை அங்கே நெஞ்சு விரித்து இழுக்க இயலாது. இக்கருவியால் மனிதன் கடலடியில் நாழிகைக் கணக்கில் நின்று பார்க்கவும், அளக்கவும், எண்ணவும் முடிந்தது. ஒரு மூச்சில் பறிக்கத்தான் முடியும்; படிக்க முடியாது. படிப்பதற்கு நேரம் வேண்டும். அந்நேரத்தைத் தந்தமையே இக்கருவி வரலாற்றுக்குச் செய்த உதவி.

நண்பர்கள் இலங்கையில் செய்த முதற்பணிகளுள் ஒன்று தமிழராகிய நம் உள்ளத்தைத் தொடுவது. திருகோணமலையில் கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் சுவாமி மலையில், திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கீசியர் அதனை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். எஞ்சியவை செங்குத்துப் பாறையிலிருந்து கடலுக்குள் உருட்டப்பட்டன. 1956-ஆம் ஆண்டில் அப்பாறையின் அடியில் கிளார்க்கும் வில்சனும் மூழ்கியபோது, செதுக்கிய தூண்களும் கோயிற் கற்களும் மணலில் கிடப்பதைக் கண்டனர். வில்சன் கண்டெடுத்த இலிங்கம் ஒன்று மீண்டும் கோணேசர் கோயிலை அடைந்தது. புதுப்பிக்கப்பட்ட கோயிலுக்கு 1963-இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. இடித்தவர் எழுதிய செய்தியும், இழந்தவர் பாடிய செய்தியும் முன்னரே இருந்தன. கடலடிக் கற்கள் இரண்டுக்கும் நடுநின்று சான்று பகர்ந்தன.

இந்தப் பழக்கத்துடன்தான் 1961-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வில்சன் இராவணன் கோட்டைக்குப் புறப்பட்டார். அவருடன் சென்றவர்கள் பதின்மூன்று, பதினான்கு வயதுடைய அமெரிக்கச் சிறுவர் இருவர். கிளார்க் உடன் செல்லவில்லை. இரு பருவக் காற்றுகளுக்கும் இடையே அக்கடல் அமைதியாக இருக்கும் நாட்கள் மிகச் சில. அந்த இடைவெளியைப் பயன்படுத்திக் கடலடிக் காட்சிகளைப் படமெடுப்பதே நோக்கம். பாறையின் அருகே ஆழம் மிகுதியன்று. ஆழம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணிவிடலாகாது. அங்கே ஒவ்வோர் அலையும் முங்குவோனைப் பாறைமேல் வீசியெறியப் பார்க்கும். அத்தகைய இடத்தில் அம்மூவரும் பவளம் படிந்த சிறிய பித்தளைப் பீரங்கிகள் இரண்டையும், அவற்றின் சூழலில் வெள்ளி நாணயங்களையும் கண்டனர். தனி நாணயங்கள் சில. ஒன்றோடொன்று இறுகிப் பாறைபோல் ஆன கட்டிகள் சில.

கொழும்புக்குத் திரும்பிய வில்சன் அந்தக் கட்டிகளைக் கிளார்க்கின் முன் கொண்டுவந்து வைத்தார். கதைகளில் மட்டுமே புதையல்களைக் கண்டு பழகிய எழுத்தாளரின் வீட்டில், உண்மையான புதையல் கடல்நாற்றத்துடன் வந்து இறங்கிற்று. கிளார்க் இந்நிகழ்ச்சிகளைப் பின்னர் ஒரு நூலாக எழுதி 1964-இல் வெளியிட்டார்.

அன்பர்களே, வெள்ளி எவ்வளவு, அதன் விலை எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அதனை வணிகர்கள் கேட்கட்டும். வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இந்த நாணயம் என்ன பேசுகின்றது?

அதன் ஒரு பக்கத்தில் பாரசீக எழுத்தில் மொகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டு 1113-ம் உள்ளன. மறுபக்கத்தில் நாணயம் அடிக்கப்பட்ட ஊரின் பெயர்: சூரத். ஹிஜ்ரி 1113 என்பது கி.பி. 1701 ஜூன் முதல் 1702 மே வரையிலான காலம். இதுவரை நாணயமே நேராகச் சொல்லிவிட்டது. இதற்கு மேல் நாம்தாம் உய்த்துணரவேண்டும்.

முதலாவதாக, கட்டியின் வெளிப்புறத்து நாணயங்களைக் கடல் அரித்துவிட்டது. உள்ளே இருந்தவையோ அச்சுச்சாலையிலிருந்து அன்று வந்தவைபோல் கூர்மை மழுங்காமல் இருந்தன. பல கைகள் மாறிய நாணயம் தேயும், இவை தேயவில்லை. எனவே இவை சந்தையில் புழங்கியவை அல்ல. இரண்டாவதாக, நாணயங்கள் யாவும் அநேகமாக ஒரே ஆண்டின; ஒரே அச்சுச்சாலையின. மக்களிடமிருந்து திரட்டிய பணமாக இருந்தால் பல ஆண்டுகளும் பல ஊர்களும் கலந்திருக்கும். எனவே இவை அச்சுச்சாலையிலிருந்து நேரே கப்பலுக்குச் சென்றவை. மூன்றாவதாக, கட்டிகள் பையின் வடிவில் இருந்தன. துணியும் நாரும் மட்கிப்போயின. அவற்றின் வடிவத்தை வெள்ளி காத்துவைத்தது. ஒரு பைக்கு ஏறத்தாழ 1000 ரூபாய். ஒரு ரூபாயின் எடை ஏறக்குறைய ஒரு தோலா. ஆகவே ஒரு பையின் எடை 25 இராத்தல். ஓர் ஆள் தோளில் ஏற்றி இறக்கக்கூடிய சுமை. எண்ணிக் கட்டி, கணக்கெழுதி அனுப்பிய வணிகனின் கை இதில் தெரிகின்றது. இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால், கப்பல் மூழ்கியது 1702-ஆம் ஆண்டிலோ அதனை அடுத்த மிகச் சில ஆண்டுகளிலோ ஆகவேண்டும் என்பது பெறப்படும். புதுப்பணத்தை நெடுநாள் மூட்டையிலேயே வைத்திருக்கும் வணிகன் இல்லை அல்லவா?

அந்த 1702-ஆம் ஆண்டில் உலகம் எப்படி இருந்தது? எண்பது வயதைக் கடந்த ஔரங்கசீப் தலைநகரை விட்டு நெடுங்காலமாகத் தக்காணத்தில் பாசறையிட்டு மராட்டியர் கோட்டைகளை ஒவ்வொன்றாக முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார். கருவூலம் வற்றிக்கொண்டிருந்தது. 1707-இல் அவர் இறந்தார். ஆயினும் தபதி ஆற்றங்கரையிலிருந்த சூரத் துறைமுகம் அப்போதும் செல்வக் களஞ்சியமாகவே விளங்கிற்று. அமெரிக்கக் கண்டத்தின் சுரங்கங்களில் வெட்டிய வெள்ளி ஐரோப்பா வழியாகவும், மோக்கா, பாஸ்ரா போன்ற துறைகள் வழியாகவும் அங்கே வந்து இறங்கிற்று. அயல்நாட்டு நாணயம் மொகலாய நாட்டில் செல்லாது. வந்த வெள்ளி உருக்கப்பட்டுப் பேரரசரின் முத்திரையுடன் ரூபாயாக வெளிவரும். ஆகவே அப்பாறையில் கிடந்த ரூபாயில் பெரும்பாலும் கண்காணாத மெக்சிகோ, பெரு நாடுகளின் மலைகளில் வெட்டிய வெள்ளியே இருந்திருக்கக்கூடும். உலகம் ஒரே சந்தையாவது நம் காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் இந்த ரூபாயை நோக்கவேண்டும்.

கடல்வழி அக்காலத்தில் அச்சம் மிக்கதாயிருந்தது. 1695-ஆம் ஆண்டில் மக்காவிலிருந்து திரும்பிய 'கஞ்ச்-இ-சவாய்' என்னும் சூரத் கப்பலை ஹென்றி எவரி என்னும் ஆங்கிலக் கொள்ளைக்காரன் சூறையாடினான். அதன் பின்னும் கொள்ளைகள் நின்றபாடில்லை. வணிகக் கப்பல்கள் பீரங்கி ஏந்திச் சென்றதற்குக் காரணம் இதுவே. நம் கப்பலில் இருந்தவர்கள் கொள்ளைக்காரனுக்கு எதிராகக் காவல் வைத்திருந்தனர். பாறைக்கு எதிராகக் காவல் ஏது? இலங்கையின் கரைப்பகுதிகளை அந்நாளில் ஒல்லாந்தர் ஆண்டனர். கண்டியில் இரண்டாம் விமலதர்மசூரியன் அரசிருந்தான். அத்தென்கிழக்குக் கரையோ அடர்ந்த காடு. கரையேறித் தப்பியவர் எவரேனும் இருந்திருப்பின், அவருக்கு முன்னே 8 மைல் கடல். அதன்பின் யானைக் காடு.

நான் பள்ளியில் மொகலாயர் வரலாறு கற்பிக்கும்போது, ஔரங்கசீப்பின் ஆட்சியை முடிக்குமுன் இந்த ரூபாயின் கதையைச் சொல்வது வழக்கம். பாடநூலில் ஆண்டுகளாக மட்டும் நிற்கும் காலம், கையில் ஏந்தும் பொருளாகிவிடும். மாணவர்களின் கண்கள் விரியும். ஒரு முறை, கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்துகொண்டிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். பிறர் எல்லாம் எத்தனை ரூபாய் கிடைத்தது என்று கேட்டுக்கொண்டிருந்தபோது அவன், "ஐயா, அந்தக் கப்பலில் இருந்தவர்கள் யார்? அவர்கள் வரவில்லை என்று வீட்டில் இருந்தவர்களுக்கு யார் சொன்னார்கள்?" என்று வினவினான். வகுப்பு அடங்கிவிட்டது. அவன் வீட்டில் அக்கேள்வி என்றேனும் ஒரு நாள் கேட்கப்பட்டிருக்கக்கூடும், நான் உசாவவில்லை. "எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள், தம்பி, காத்திருந்து காத்திருந்து அவர்களே தெரிந்துகொண்டிருப்பார்கள்" என்று மட்டும் விடை கூறினேன்.

அம்மாணவனின் வினா வரலாற்றின் எல்லையைத் தொட்ட வினா. அரசரின் பெயர் நமக்குத் தெரியும். ஊரின் பெயர் தெரியும். ஆண்டு தெரியும். மூட்டைக்கு எத்தனை நாணயம் என்பதும் தெரியும். கப்பலின் பெயரோ இன்றளவும் உறுதிப்படவில்லை. சூரத்தில் அந்நாளில் முல்லா அப்துல் கபூர் என்னும் பெருவணிகர் தமக்கெனவே பல கப்பல்களை ஓட்டினார். ஆங்கிலக் கம்பெனியும் ஒல்லாந்தக் கம்பெனியும் அங்கே பண்டகசாலை வைத்திருந்தன. இவர்களுள் எவருடைய வெள்ளி அது என்பதற்கு நாணயம் வாய் திறக்கவில்லை. மாலுமிகளின் பெயர்கள் ஒன்றேனும் எஞ்சவில்லை. பாய்மரம் ஏற்றிய கை, சுக்கான் பிடித்த கை, உலைவைத்த கை ஆகிய யாவும் பெயரின்றி மறைந்தன. வெள்ளியில் பெயர் பொறிக்கப்பட்ட ஒருவரோ அக்கப்பலைக் கண்ணாலும் கண்டிரார்.

சான்று இவ்வாறு அருகியிருக்கும்போது, எஞ்சியுள்ள ஒவ்வொரு துரும்பும் விலைமதிப்பற்றதாகின்றது. இங்கேதான் புதையல் தேடுவோனும் வரலாற்றாசிரியனும் பிரிகின்றனர். புதையல் தேடுவோனுக்கு நாணயம் போதும். வரலாற்றாசிரியனுக்கு நாணயம் கிடந்த இடம் வேண்டும். அதன் அருகே என்ன கிடந்தது என்பது வேண்டும். பீரங்கி எத்திசை நோக்கிக் கிடந்தது, நங்கூரம் எங்கே என்பதும் வேண்டும். ஓரிடத்திலிருந்து ஒரு பொருளைப் பெயர்த்தெடுத்துவிட்டால், அவ்விடம் சொல்லியிருக்கக்கூடிய செய்தி என்றென்றைக்குமாக அழிந்துவிடும். கல்வெட்டைத் தவறாகப் படித்தால் மற்றொருவர் வந்து திருத்தலாம். கலைக்கப்பட்ட கப்பலை மீண்டும் அடுக்க எவராலும் இயலாது.

இதனை அந்நண்பர்கள் உணராமல் இல்லை. 1962-ஆம் ஆண்டில் கிளார்க் கடும் நோய்வாய்ப்பட்டுக் கைகால்கள் செயலற்றுப் படுத்த படுக்கையானார். பல மாதங்கள் சென்ற பின்னரே ஓரளவு நடமாடத் தொடங்கினார். நிலத்தில் நடக்கத் தள்ளாடியவர், எடை தெரியாத கடலுக்குள் மீண்டும் இறங்கினார். 1963-ஆம் ஆண்டு அமைதிப் பருவத்தில் அவரும் வில்சனும் ஜாங்க்லாஸும் மீண்டும் இராவணன் கோட்டைக்குச் சென்றனர். இம்முறை பீட்டர் த்ராக்மார்ட்டன் என்னும் அமெரிக்கரை உடன் அழைத்துச் சென்றனர். துருக்கிக் கடலில் கெலிடோன்யா முனையருகே மூழ்கிய வெண்கலக் காலக் கப்பலை அறிஞர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. 1960-இல் ஜார்ஜ் பாஸ் தலைமையில் அது முறையாக அகழப்பட்டபோது, நிலத்தில் அகழ்வோர் கைக்கொள்ளும் ஒழுங்குகளைக் கடலடியிலும் கைக்கொள்ளலாம் என்பது உலகுக்குத் தெரிந்தது. அந்த ஒழுங்கை த்ராக்மார்ட்டன் இராவணன் கோட்டைக்கும் கொணர்ந்தார். பவளம் மூடிய இரும்புப் பீரங்கிகளும் நங்கூரங்களும் கிடந்த கிடை குறிக்கப்பட்டது. அலை ஒவ்வொரு கணமும் தூக்கி எறிய, ஒரு கையால் பாறையைப் பற்றிக்கொண்டு மறுகையால் அளந்து குறித்தனர். முதற்பயணம் வெள்ளியைக் கண்டது. இரண்டாம் பயணம் கப்பலைக் கண்டது என்று நான் சொல்வேன்.

பழி சுமத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 1961-ஆம் ஆண்டில் கடலடித் தொல்லியல் என்பது பிறந்து ஓராண்டும் நிரம்பாத குழந்தை. அன்றிருந்த எவரும், பாறையிடுக்கில் வெள்ளியைக் கண்டால் எடுத்தே இருப்பர். எடுத்ததை மறைத்து விற்காமல், நடந்ததை நடந்தவாறே எழுதி வைத்தமையும், மறுமுறை செல்லும்போது அறிந்தவர் ஒருவரை உடனழைத்தமையும் பாராட்டத்தக்கன. எனினும் அவர்களைத் தொடர்ந்து உலகெங்கும் கடலடியில் இறங்கியவர்கள் எல்லாரும் அத்தகையோர் அல்லர். கருவி மலிந்தது; கொள்ளையும் மலிந்தது. பல கடல்களில் பல கப்பல்கள் பேசுமுன்னரே சூறையாடப்பட்டன. இதனைத் தடுக்கும் பொருட்டு ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பாகிய யுனெஸ்கோ 2001-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அது 2009-இல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுகளுக்கு மேல் நீரடியில் கிடக்கும் மனித வாழ்வின் சின்னங்களை இயன்றவரை கிடந்த இடத்திலேயே காத்தல் வேண்டும், அவற்றை வாணிகப் பொருளாக்கலாகாது என்பன அதன் அடிப்படை நெறிகள்.

நண்பர்கள் இருவரின் பிற்கால வாழ்வும் எண்ணிப் பார்க்கத்தக்கது. கிளார்க் கொழும்பிலேயே வாழ்ந்து, தொண்ணூறு வயது நிரம்பி, 2008-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மறைந்தார். வில்சன் 1962-இல் 'ரன் முத்து தூவ' என்னும் படத்தை இயக்கினார். அது சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம்; கடலடிக் காட்சிகளும் கொண்டது. அதன்பின் அவர் வாழ்வு வேறு திசையில் திரும்பிற்று. உலகத் தொழில்களைத் துறந்து சுவாமி சிவ கல்கி என்னும் பெயருடன் துறவியாகி, கதிர்காமக் கந்தனிடம் நெஞ்சைப் பறிகொடுத்து, 1995-இல் காலமானார். கதிர்காமத்துக்கு நேரே உள்ள கடலில்தானே இராவணன் கோட்டை இருக்கின்றது! ஆயிரக்கணக்கான வெள்ளிக் காசுகளைக் கையால் அள்ளியவர், அக்கரைக்கு உட்புறத்தே உள்ள முருகன் திருவடியை நாடிச் சென்றார். ஒன்றுக்கொன்று காரணம் என்று நான் சொல்லவில்லை. நிகழ்ந்தது அவ்வாறு.

தமிழ்நாட்டின் கரை மிக நீண்டது. கொற்கையும் புகாரும் பழவேற்காடும் பரங்கிப்பேட்டையும் நாகையும் பல நூற்றாண்டுகள் கப்பல் கண்ட துறைகள். அங்கிருந்து புறப்பட்டவற்றுள் திரும்பாதவை எத்தனையோ இருக்கும். நம் மீனவர்களின் வலையில் சில வேளைகளில் பழைய ஓட்டுத் துண்டும் கல் நங்கூரமும் அகப்படுதல் உண்டு. அவற்றை வீசியெறியாமலும் விற்றுவிடாமலும், எவ்விடத்தில், எத்தனை பாக ஆழத்தில், எப்போது கிடைத்தது என்று அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவித்தல் நலம். இடம் அறிந்தவர் அவர்கள். பொருள் அறிந்தவர் இவர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் சான்று.

இராவணன் கோட்டைக் கப்பலின் மாலுமிகள் யார் என்று சூரத்தின் பழங்கணக்கு ஒன்றோ, ஒல்லாந்தரின் கடிதம் ஒன்றோ ஒரு நாள் நமக்குச் சொல்லக்கூடும். அவ்வாறு சொல்லும் நாள் வந்தால், அந்த ஏட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் கடலடியில் ஏதேனும் எஞ்சியிருக்க வேண்டும். பீரங்கிகளின் எண்ணிக்கை, நங்கூரத்தின் அளவு, கிடந்த திசை இவையே அப்போது அந்தக் கப்பலின் அடையாளமாகும். அவற்றைக் கலையாமல் காத்து நிற்பது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கரையில் காத்திருந்து விடை பெறாதவர்களுக்கு நாம் செய்யக்கூடிய சிறு கைம்மாறு.